இரண்டு மணி நேரம் என்பது பாதி விடைதான்

பெரிய இன நாய் ஒன்றை வளர்க்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி, அதை நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் நடக்க வைக்க வேண்டும் என்பதுதான். கரியன் என்று பெயரிட்ட கறுப்பு லாப்ரடார் ஒன்றோடு சில ஆண்டுகளாக வாழ்ந்து வருவதால் என்னிடமும் இதை அடிக்கடி கேட்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், நன்கு வளர்ந்த, உடல்நலமுள்ள, துடிப்பான பெரிய நாய்க்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். அதை ஒரே மூச்சில் முடிக்காமல் குறைந்தது இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு பகுதியாவது கயிறின்றி ஓடித் திரியும் நேரமாக இருக்க வேண்டும். பிரிட்டனின் கென்னல் கிளப் தன்னுடைய இனக் குறிப்புகளில் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், டால்மேஷன் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கும் மேல் என்றே குறிப்பிடுகிறது.

இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் தவறாமல் நடக்கும் நாய்கள் சோபாவைக் குதறுவதையும், ஒரு மணி நேரமே வெளியே போய்வரும் நாய்கள் நாள் முழுவதும் நிம்மதியாகப் படுத்திருப்பதையும் பார்த்திருப்பதால், அந்த எண்ணைப் பாதி விடையாகத்தான் என்னால் எடுத்துக்கொள்ள முடிகிறது. ஜெர்மனியில் நாய் வளர்ப்பு விதிகளைத் திருத்த 2020ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட வரைவில், ஒவ்வொரு நாயையும் நாளுக்கு இருமுறை, மொத்தத்தில் ஒரு மணி நேரமாவது வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று இருந்தது. அதைச் சுற்றிப் பெரிய விவாதமே நடந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியில் அந்தக் கால அளவைக் காணவில்லை. போதுமான அளவு வெளியில் உலவ விட வேண்டும் என்ற சொற்களே எஞ்சின. அரசு பின்வாங்கிவிட்டது என்று சிலர் கேலி செய்தார்கள். என் பார்வையில் அந்த மாற்றம் சரியானதே, ஏனெனில் மூப்படைந்த ஒரு மாஸ்டிஃபையும் இரண்டு வயது டால்மேஷனையும் ஒரே கடிகாரத்தால் அளக்க முடியாது.

உருவத்தைப் பார்த்து உடற்பயிற்சியைக் கணக்கிடுவது பலரும் செய்யும் முதல் பிழை. ஒரு நாய்க்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதை அதன் உயரமோ எடையோ தீர்மானிப்பதில்லை. அதன் முன்னோர்களை மனிதர்கள் எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்களோ, அந்த வேலைதான் தீர்மானிக்கிறது. டால்மேஷன் குதிரை வண்டிகளுக்கு இணையாகப் பல மைல் தூரம் ஓடுவதற்கென வளர்க்கப்பட்டது. சைபீரியன் ஹஸ்கி பனியில் வண்டி இழுத்தது. ஜெர்மன் ஷெப்பர்ட் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் முன்னும் பின்னுமாக நடந்தபடியே ஆட்டு மந்தைக்கு உயிருள்ள வேலியாக நின்றது. லாப்ரடார் சுட்டு வீழ்த்தப்பட்ட பறவைகளைக் குளிர்ந்த நீரில் பாய்ந்து எடுத்து வந்தது. இவற்றையெல்லாம்விட உருவத்தில் பெரிதான கிரேட் டேனும் மாஸ்டிஃபும் நிதானமான நடையோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் பாயக்கூடிய கிரேஹவுண்ட் இன்னும் வியப்பானது: அதன் ஓட்டம் சில நூறு மீட்டர்களோடு முடிந்துவிடும், மீதி நேரமெல்லாம் மெத்தையை விட்டு எழுவதற்கே அதற்கு மனம் வராது.

ஒரே இனத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு என்பதைப் பலர் நாயை வாங்கிய பிறகே அறிகிறார்கள். கண்காட்சிக்காக வளர்க்கப்படும் வழியில் வந்த லாப்ரடார் அகன்ற மார்பும் தடித்த உடலுமாக, பொதுவாகச் சற்று நிதானமாக இருக்கும். வேட்டைக்களப் பணிக்காக வளர்க்கப்படும் வழியில் வந்தது ஒல்லியாக, நீண்ட கால்களோடு, ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாததாக இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டிலும் இப்படியே. ஆகவே குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், தாயும் தந்தையும் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்பதே பயனுள்ளது. கரியன் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். சமையலறையிலிருந்து வாசல் வரை நான் போய்வருவதற்குள் அவன் மூன்று முறை போய்வந்திருப்பான்.

இனி அந்த இரண்டு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மனிதர்களின் சாதாரண நடை மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பெரிய நாய் ஒன்று தன் போக்கில் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தை எளிதாக எட்டிவிடும். எனவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நம் வேகத்தில் நாம் கூட்டிச் செல்லும் நடை, அதன் தசைகளுக்கோ இதயத்துக்கோ பெரிய வேலை எதையும் தருவதில்லை; தன்னை அடக்கிக்கொண்டு நடப்பதுதான் அங்கே அது செய்யும் முதன்மையான வேலை. நாய் கயிற்றை இழுத்துக்கொண்டே போவதற்குப் பிடிவாதத்தைவிட இந்த வேக வேறுபாடு பெரிய காரணம். வேலியிட்ட பாதுகாப்பான வெளியில், அல்லது பத்து மீட்டர் நீளப் பயிற்சிக் கயிற்றில், அரை மணி நேரம் அது தன் வேகத்தில் திரிந்தால், தெருவோரமாக ஒரு மணி நேரம் இழுபட்டு நடந்ததைவிட அதிகம் நிறைவடைகிறது. கூப்பிட்டால் திரும்பி வரும் பழக்கத்தை நன்றாகப் பதிய வைக்காமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஏனெனில் அந்தப் பயிற்சியில் செலவிடும் வாரங்கள்தான் பிற்பாடு நாயின் சுதந்திரமாக மாறுகின்றன.

இதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் உண்டு. நாய் அடங்கவில்லை என்றால் இன்னும் ஓட வைத்தால் களைத்துப்போய் அடங்கிவிடும் என்ற எண்ணம் இயல்பாகவே தோன்றும். எனக்குத் தெரிந்த ஒருவர் தம் ஹஸ்கியை மிதிவண்டியோடு ஓட விட்டார். தொடக்கத்தில் ஐந்து கிலோமீட்டரில் அது களைத்தது, சில மாதங்களில் பத்துக்கும் அசரவில்லை, அதற்குப் பிறகு அவருடைய கால்கள்தான் களைத்தன. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அலாஸ்காவில் நடைபெறும் இடிடராட் பந்தயத்தில் வண்டி இழுக்கும் நாய்கள் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கின்றன. முன்னணி அணிகள் அதை எட்டு முதல் பத்து நாட்களில் முடித்துவிடுகின்றன. ஒவ்வொரு நாயும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் கலோரிக்கு மேல் செலவிடுகிறது. அத்தகைய உழைப்புக்கு உடலைப் பழக்கிக்கொள்ளும் திறன் அந்த இரத்தத்திலேயே இருக்கிறது. ஓட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நமக்குக் கிடைப்பது அமைதியான நாய் அல்ல, நாளை இன்னும் அதிகம் கேட்கப்போகும் ஓட்டப்பந்தய வீரன்.

அப்படியானால் எதைக் கூட்டுவது? மூக்குக்கு வேலை தருவது என்பதே என் விடை. மனிதருக்கு ஐம்பது அறுபது லட்சம் மோப்ப உயிரணுக்கள் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். கரியன் ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் நிற்கும்போது குனிந்து பார்த்தால் அந்த வேலை எவ்வளவு கடினமானது என்று தெரியும். மூக்கு நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க, ஒரு நொடிக்குள் ஐந்தாறு முறை காற்றைச் சிறுசிறு துண்டுகளாக உள்ளிழுக்கிறான். வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் போவதால் இரு புறமும் தூசு மெல்ல எழுகிறது. முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி மறந்துபோய் நிற்கிறது. காதுகள் அசைவதே இல்லை. அந்த நேரத்தில் கயிற்றைச் சுண்டி இழுத்து வா போகலாம் என்பது, நாம் இரண்டு மணி நேரக் கணக்கை நிரப்புவதற்காக அவனுடைய நாளின் மிகச் சிறந்த பகுதியைப் பறிப்பதாகும்.

இது வெறும் பரிவு அல்ல. 2019ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வீட்டு நாய்களை இரு பிரிவாகப் பிரித்து, இரண்டு வாரங்களுக்கு ஒரு பிரிவுக்கு மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சியும் மற்றதற்கு உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் தந்தார்கள். பிறகு, உணவு இருக்குமா இருக்காதா என்று உறுதியாகத் தெரியாத ஒரு கிண்ணத்தை முன்னே வைத்து, நாய் எவ்வளவு விரைவாக அதை நோக்கிப் போகிறது என்று அளந்தார்கள். மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள் முன்பைவிட விரைவாகப் போயின. நல்லதே இருக்கும் என்று நம்பும் மனநிலை அவற்றில் கூடியிருந்தது என்று ஆய்வாளர்கள் பொருள் கொண்டார்கள். ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை.

நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்று நம்மவர்கள் சொல்வதில் ஒரு நாயின் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. வேலை இல்லாததால்தான் நிற்க நேரமில்லாமல் அலைகிறது. வேலை கொடுத்தால் நிற்கும், படுக்கும், தூங்கும். காலை உணவைத் தட்டில் போடாமல் புல்தரையில் தூவிவிட்டால், ஐந்து நிமிடத்தில் தீரும் உணவுக்கு இருபது நிமிடம் மூக்கு வேலை செய்யும். பழகிய பொம்மை ஒன்றை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லலாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு எடுத்து வந்து கையில் கொடுப்பது பிறவிக் குணம் என்பதால், எறிந்த பொருளைப் பார்த்ததும் பாயாமல் அமர்ந்திருக்கச் செய்து, அனுமதி கிடைத்த பிறகே போகச் செய்தால், ஓட்டத்தோடு தன்னடக்கமும் பயிற்சியாகிவிடும். இவ்வகை வேலையில் பதினைந்து நிமிடம் செலவிட்ட நாய், நீண்ட நடைக்குப் பிறகு படுப்பதுபோலப் படுக்கும். மழை விடாத நாட்களிலும், காயம் ஆறும் வரை நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன காலங்களிலும் எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

பந்து எறிதலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எறிகருவியால் ஐம்பது முறை பந்தை வீசிவிட்டு உடற்பயிற்சி முடிந்தது என்று திரும்புவது மனிதருக்கு வசதி. நாய்க்கோ, நின்ற இடத்திலிருந்து முழு வேகம், பந்தருகே திடீர் நிறுத்தம், உடலை முறுக்கிய திருப்பம் என்று அதே சுமை முழங்கால் தசைநார்களிலும் தோளிலும் திரும்பத் திரும்ப விழுகிறது. பெரிய நாய்களுக்கு முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவது அரிதான ஒன்றல்ல. எடை கூடிய நாய்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதோடு, விரட்டலின் கிளர்ச்சி அடங்க நேரமெடுப்பதால், வீடு திரும்பிய பிறகும் நாய் பரபரத்துக்கொண்டே இருக்கும். சில நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்கிய பிறகு, தாழ்வாக உருட்டி, ஐந்தாறு முறையோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

போதுமான பயிற்சி கிடைத்ததா என்பதை நான் நடையின்போது பார்ப்பதில்லை, திரும்பி வந்து அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு, ஓரிரு முறை வட்டமடித்து, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுத்து, மூக்கால் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டால் கணக்கு சரி. அறைக்கு அறை அலைந்தால், செருப்பைக் கவ்வினால், சிறு ஓசைக்கும் குரைத்தால், ஒன்று குறைவாகக் கிடைத்திருக்கிறது அல்லது அளவுக்கு மீறிக் கிளர்ச்சி அடைந்திருக்கிறது. இந்த இரண்டாவது சாத்தியத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. வளர்ந்த நாய்கள் ஒரு நாளில் பாதியளவுக்குத் தூங்குகின்றன. குட்டிகள் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் தூங்கக்கூடியவை. மாலையில் கண்மண் தெரியாமல் ஓடி, கையையும் ஆடையையும் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இன்னொரு நடை அல்ல, இருட்டான மூலையில் ஒரு தூக்கம்.

குட்டிகள் என்றதும் எல்லோரும் ஒப்பிக்கும் சூத்திரம் ஒன்று இருக்கிறது: வயது எத்தனை மாதமோ அதை ஐந்தால் பெருக்கினால் ஒரு வேளை நடைக்கான நிமிடங்கள் கிடைக்கும் என்பது. நான்கு மாதக் குட்டிக்கு இருபது நிமிடம். எச்சரிக்கையாக இருக்க உதவும் வழக்கம் என்ற அளவில் இதற்கு மதிப்புண்டு, அறிவியல் அடிப்படை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நார்வேயில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு பெரிய இனக் குட்டிகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடத் தெளிவான செய்தியைத் தருகிறது. முதல் மூன்று மாதங்களில் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது; மேடுபள்ளமான மென்மையான தரையில் கயிறின்றித் தம் விருப்பப்படி திரிந்த குட்டிகளுக்கு அது குறைந்திருந்தது. நேரத்தைவிடத் தரையும் தன்னிச்சையும் முக்கியம் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். ஓட வேண்டும் என்று தோன்றும்போது ஓடி, போதும் என்று தோன்றும்போது உட்கார்ந்துவிடும் உரிமை குட்டிக்கு இருக்க வேண்டும்.

பெரிய இனங்களின் எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீள்வதற்கு இடம் தரும் மென்மையான பகுதிகள், இறுகி மூடுவதற்கு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். மிகப் பெரிய இனங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அதுவரை மிதிவண்டியோடு ஓடுவது, காரிலிருந்து குதிப்பது, உயரத் தடைகளைத் தாண்டுவது, கடினமான தரையில் நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடுவது ஆகிய நான்கையும் தள்ளிப்போடுவது நல்லது. எட்டு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் பார்வைக்கு முழு நாய்போலவே இருக்கும். அதன் எலும்பு இன்னும் குட்டியின் எலும்புதான்.

வெயிலைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் விடக் கூடாது. நாய்க்கு உள்ளங்கால்களைத் தவிர வேறெங்கும் பயன்படும் அளவுக்கு வியர்ப்பதில்லை. மூச்சிரைப்பின் மூலமே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் அதுவும் பயனற்றுப்போகிறது. பிரிட்டனின் கால்நடை மருத்துவப் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் பூட்டிய கார் அல்ல, உடற்பயிற்சி. துடிப்பான இனங்களுக்கு இந்த ஆபத்து மிகுதி, ஏனெனில் அவை தாமாக நிற்பதில்லை. பந்து பறக்கும் வரை லாப்ரடார் ஓடும். பார்க்க வேண்டிய இடம் நாக்கு. இயல்பாக மூச்சிரைக்கும் நாயின் நாக்கு மெலிந்து தொங்கும். உடல் வெப்பம் கூடும்போது அது நீண்டு, நுனி கரண்டிபோல அகன்று, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும், உதடுகள் பின்னுக்கு இழுபடும். அந்த நிலையில் உடனே நிறுத்தி நிழலுக்குப் போக வேண்டும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியது. 41ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதடையத் தொடங்கும். தள்ளாட்டம், வாந்தி, மயக்கம் தெரிந்தால் முதலில் குளிர்வித்து, பிறகே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது இப்போதைய அறிவுரை: உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக் காற்று படச் செய்வது, நினைவோடு இருக்கும் இளம் நாயானால் தலை மேலே இருக்கும்படி நீரில் இறக்குவது. ஈரத் துணியைப் போர்த்திவிட்டுக் காத்திருப்பது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். லாப்ரடார்களில் வெப்பம் காரணமாக இல்லாமலேயே, கடும் ஓட்டத்தின் சில நிமிடங்களில் பின்னங்கால்கள் துவண்டு விழும் பரம்பரைக் கோளாறு ஒன்றும் உண்டு. அதற்கான மரபணுச் சோதனை இருக்கிறது என்பதால், அப்படி ஒருமுறை நிகழ்ந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு நொடி தாங்க முடியவில்லை என்றால் அது நாய் நடக்கக்கூடிய தரை அல்ல. கோடையில் நாங்கள் விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் மட்டுமே வெளியே போகிறோம். நேரம் பாதியாகக் குறைந்தாலும் மீதியை வீட்டுக்குள் மூக்கு வேலை ஈடுகட்டிவிடுகிறது.

உணவு நேரத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும். மார்பு ஆழமான கிரேட் டேன், வைமரானர், ஐரிஷ் செட்டர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் உயிர்க்கொல்லி நிலை ஏற்படக்கூடும். வயிறு நிறைந்திருக்கும்போது துள்ளி ஓட விடாமல் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வெளியே அழைத்துச் செல்வதும், ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பதும் எளிய முன்னெச்சரிக்கைகள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

நீச்சல், மூட்டுகளுக்குச் சுமை தராமல் உடல் முழுவதையும் உழைக்க வைப்பது என்பதால் பெரிய நாய்களுக்கு மிகவும் ஏற்றது. கரியனை நீரிலிருந்து வெளியே வரவைப்பதுதான் எங்களுக்குள்ள ஒரே சிக்கல். பழக்கமில்லாத நாய் குளிர்ந்த நீரில் நெடுநேரம் நீந்தினால் மறுநாள் வால் அடிப்பகுதியிலிருந்தே துவண்டு, வலியோடு தொங்கும். லாப்ரடார்களுக்கும் வேலை நாய்களுக்கும் இது தெரிந்த ஒன்றுதான். பெரும்பாலும் சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும். நீரில் பொம்மையைக் கவ்வும்போது வாயைத் திறந்தபடியே அது நிறையத் தண்ணீரை விழுங்கிவிடும் என்பதால் இடையிடையே கரையேற்றி ஓய்வு தர வேண்டும்.

உடற்பயிற்சி எடையைக் குறைத்துவிடும் என்று நம்பி உணவுக் கிண்ணத்தைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்கள் லாப்ரடார் உரிமையாளர்களில் அதிகம். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தபடி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருக்கிறது. அத்தகைய நாய்க்குப் பசி கூடுதல், ஓய்வில் செலவாகும் ஆற்றலோ குறைவு. எனவே உங்கள் நாய் பரிதாபமாகப் பார்ப்பது நடிப்பல்ல, அதற்கு உண்மையிலேயே பசிக்கிறது. ஆனாலும் கொடுக்கக் கூடாது. ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார்களை இணைகளாகப் பிரித்து, இணையில் ஒன்றுக்கு மட்டும் கால் பங்கு குறைவாக உணவு தந்து வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் (அவற்றில் பாதி நாய்கள் எட்டிய வயது) 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விரல்களால் மெல்லத் தடவும்போது விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும்; அப்படி இல்லாத நாய்க்கு ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன் உணவைக் குறைப்பதே மூட்டுகளுக்குச் செய்யும் நன்மை.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைக் கேட்பவர்களுக்காக அதையும் எழுதிவிடுகிறேன். காலையில் முக்கால் மணி நேரம் வெளியே. அதில் முதல் பகுதி அவன் மூக்குப் போன போக்கில், பிறகு நீளக் கயிற்றில் ஓட்டம். நண்பகலில் கழிவுக்காகச் சிறு நடை. பிற்பகலில் பத்து நிமிடப் பயிற்சி அல்லது தேடும் விளையாட்டு. மாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், முடிந்தவரை வேறொரு வழியில். வாரத்தில் ஒரு நாளை வேண்டுமென்றே தளர்வாக விட்டுவிடுகிறோம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கொடுத்துப் பழக்கிய நாய், ஒருநாள் தவறினாலும் தலைகீழாக நிற்கும். சற்று முன்பின்னாக இருந்து பழகிய நாய் பொறுத்துக்கொள்ளும். வாரம் முழுவதும் பத்து நிமிடம் நடந்துவிட்டு விடுமுறை நாளில் நான்கு மணி நேர மலையேற்றம் என்பதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சி மிகுந்துவிட்டதன் அடையாளங்கள் மறுநாள்தான் தெரியும்: படுத்து எழும்போது விறைப்பு, முதல் சில அடிகளில் நொண்டல், படியேறத் தயக்கம், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, உள்ளங்காலில் தேய்வு. நாய்கள் வலியை வாய்விட்டுச் சொல்வது அரிது. விருப்பமான ஒருவர் கயிற்றைக் கையில் எடுத்தால் நொண்டும் நாயும் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். பெரிய இனங்களுக்கு ஏழெட்டு வயதிலேயே முதுமை தொடங்கிவிடுவதால், அந்தப் பருவத்தில் ஒரு நீண்ட நடையை மூன்று நான்கு குறுநடைகளாகப் பிரிப்பதும், ஓட்டத்தைக் குறைத்து மோப்பத்துக்கு அதிக நேரம் விடுவதும், ஆண்டுக்கு இருமுறையாவது மூட்டுகளை மருத்துவரிடம் காட்டுவதும் வேண்டும். அடியோடு நிறுத்துவது தீர்வாகாது. அசையாத மூட்டு இன்னும் விறைக்கும், தசை கரையும், அதன் பிறகு குறுநடையும் வலிக்கும். ஆகவே எவ்வளவு தூரம் என்பதை அன்றன்று அதன் நடையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், நொண்டல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.